ஹோம் என்பது எந்தப் பக்கம்

1

மவுண்ட் ரோட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியின் டெலிபோன் பலகை ஒரு பீரோ அளவு இருக்கும். முகப்பில் வரிசை வரிசையாகத் துளைகள். கீழே கயிறுகள், கயிற்றின் நுனியில் பித்தளைப் பிளக்குகள். யாராவது கூப்பிட்டால் அவருடைய துளைக்கு மேலே இருக்கும் சின்னத் தகடு 'டக்' என்று விழும். ஒரு பிளக்கை அங்கே செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அதன் ஜோடியை அந்த மனிதரின் துளையில் செருக வேண்டும். பாதி செருகினால் போதாது. ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார், மற்றவருக்கு வெறும் கரகரப்புத்தான் கேட்கும்.

இந்தத் தொழிலைக் கொழும்பில் முறையாகப் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் இங்கே முதல் நாள் விரல் தயங்கியது. எனக்கு மேற்பார்வை மிஸ் மேபல். ஆங்கிலோ இந்தியப் பெண், என்னைவிட மூத்தவள்.

"என்ன மேன், பாதியிலே விடறே? புஷ் இட் ஹோம், சைல்ட்! ஹோம்! உள்ளே போய் உக்காரணும் அது."

இந்த மாசியோடு ஐந்து வருடம் ஆகிறது. ஹோம் என்றால் வீடு என்று வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவள் நான். பித்தளைக் குச்சிக்கும் வீடு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. எதையும் இலக்கமிட்டு அடுக்கும் குணம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அன்று முதல் இந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் மனதுக்குள் ஓர் இலக்கம் போட்டு வைக்கிறேன். இதுவரை சேர்ந்தவை:

ஒன்று. வேலை முடிந்து போவது. 'கோ ஹோம்' என்றால் போதும். ஆபீசுக்கு, கடைக்கு, கோயிலுக்குப் போவதென்றால் ஆங்கிலத்தில் நடுவே 'டு' என்று ஒரு சின்னச் சொல் வேண்டும். இதற்கு வேண்டாம். போகும் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்களும் 'வீட்டை போறன்' என்றுதானே சொல்கிறோம்? 'வீட்டுக்கு' என்று நீட்டுவதில்லை. இதை நான் இங்கே சொன்னபோது கம்பெனிக் கணக்கர், "வீட்டை எங்கேம்மா எடுத்துட்டுப் போறே?" என்று கேட்டுச் சிரித்தார்.

இரண்டு. மேலே சொன்ன பிளக்கு. ஆணி, தாழ்ப்பாள், மேசை இழுப்பறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தன் இடத்தில் போய் இறுகுவது.

மூன்று. ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மழை நாளில் மேனேஜர் துரை டைப்பிஸ்ட் பெண்களை 'ஹோம்' அனுப்ப ஜட்கா வண்டி பிடிக்கச் சொல்வார். என்னைச் சொல்லமாட்டார். எனக்கு மயிலாப்பூர் டிராம் இருக்கிறதாம்.

நான்கு, இங்கிலாந்து. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

2

மேபல் பெரம்பூரில் பிறந்தவள். தகப்பனார் ரயில் எஞ்சின் ஓட்டியவர், அவரும் பிறந்தது இங்கேதான். ஆனாலும் மேபல் 'ஹோம்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது இங்கிலாந்து. அவள் பார்த்ததில்லை. அவளுடைய பென்சில்கள் நிற்கும் பிஸ்கட் டப்பாவில் ஒரு படம் இருக்கிறது. கொடி படர்ந்த வீடு, வாசலில் வாத்துகள். அந்த டப்பாவின் படமுள்ள பக்கம் எப்போதும் அவளைப் பார்த்தே இருக்கும். துடைக்கும்போது நான் மாற்றி வைத்தால் திருப்பி வைத்துவிடுவாள்.

"அடுத்த வருஷம் ஹோம் போறேன்." இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள்.

மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை, பொறாமைதான் வந்தது. கண்ணால் காணாத இடத்தை நோக்கி ஒருத்தி இவ்வளவு நேராக நிற்கிறாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கிணற்றடிக் கல் எது ஆடும், எது ஆடாது என்பது வரை எனக்குத் தெரியும். ஆனாலும் 'ஹோம்' என்று யாராவது சொன்னால் என் மனம் முதலில் தெற்கே பார்க்கிறது, பிறகு இப்போது நாங்கள் குடியிருக்கும் மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டைப் பார்க்கிறது, பிறகு நடுவே நின்றுவிடுகிறது.

போன மார்கழியில் யாழ்ப்பாணம் போய்வர லீவு கேட்டேன். அதற்கான தாளில் 'ஹோம் லீவ்' என்று ஒரு வரி இருந்தது. அதில் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது உங்களுக்கில்லை அம்மா. கப்பலேறிப் போறவாளுக்கு."

"நானும் கப்பலேறித்தான் போகிறேன்."

"அது சின்னக் கப்பல்" என்றார் அவர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வரியை அடித்து 'சாதாரண லீவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பலகைக்குத் திரும்பி மேபலிடம் சொன்னேன். அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு ஓவென்று சிரித்தாள்.

"எனக்கு மட்டும் குடுப்பானா மேன்? நான் கேட்டேன் ஒரு தடவை. பெரம்பூர் போக எதுக்கு லீவு, சாயங்காலம் ரயிலேறிப் போன்னான்."

பிறகு டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினாள். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

"உனக்கென்ன! இறங்கினா மூஞ்சி தெரிஞ்சவங்க நாலு பேர் வந்து நிப்பாங்க. எனக்கு யார் வருவா? வாத்துதான் வரும்."

3

நாங்கள் இருப்பது கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். கோயில் குளத்தைச் சுற்றிய மாட வீதிகளில் சிலோன்காரர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. "உங்காத்துல மீன் சமைப்பேளா?" என்பது முதல் கேள்வி. எங்கள் பதிலைக் கேட்டதும் வீடு ஏற்கெனவே பேசி முடித்ததாகிவிடும். என் கணவர் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் மனை அளந்து படம் வரைகிறார். ஊரெல்லாம் வீட்டுக்கு எல்லை போடுகிறவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்க ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று.

கடைசியில் கிடைத்த வீட்டுக்கு அடுத்த வாசல் பீபியுடையது. அவர் பெயர் வேறு, சந்து முழுதும் பீபி என்றே கூப்பிடும். கணவரும் வளர்ந்த இரண்டு பிள்ளைகளும் புத்தகம் பைண்டு செய்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவிலுள்ள விளக்குக் கம்பத்தில் பீபியின் வெள்ளாடு கட்டியிருக்கும். பால் கறக்கிற ஆடு. பெயர் ராணி.

தவம் எங்கள் மகள். இங்கே பிறந்தவள். அவள் தவழத் தொடங்கியபோது நான் மறுபடி வேலைக்குப் போனேன். காலையில் பீபியிடம் விட்டு, மாலையில் கூட்டிக்கொள்வேன். இப்போது நாலு வயது. அவள் தலையில் பைண்டுப் பசையின் வாசனையும் அத்தர் வாசனையும் வீசும். எத்தனை சீயக்காய் போட்டாலும் என் வாசனை வருவதில்லை. அச்சான தாளை மடித்து விளிம்பை நகத்தால் அழுத்தும் வேலையை அவள் பீபியைப் போலவே செய்கிறாள், நாக்கின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு.

எனக்குப் பொறாமை என்பதை நான் மறைக்கவில்லை, என் கணவரிடமும் சொல்லியிருக்கிறேன். எதற்கெல்லாம் பொறாமை என்று கேட்டார். சொன்னேன். முதல் பல் முளைத்ததைப் பார்த்தது பீபி. முதல் அடி வைத்தது பீபியின் முற்றத்தில். காய்ச்சல் வந்தால் அவள் வாயிலிருந்து வரும் பெயர் எது என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

அவளிடம் நம்மூர்ப் பேச்சும் போயிற்று. ஒரு நாள் மாலை நான் டிராமிலிருந்து இறங்கி வந்தபோது பீபி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, இம்மா நேரம்?"

"பலகையில் வேலை பீபி. தவம் எங்கே?"

"துன்ட்டு தூங்கினு கீது. எயுப்பாத."

நான் எழுப்பினேன். தவம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எங்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நடையைத் தாண்டியதும் உடம்பை விறைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னாமா நீ! என்னிய வூட்டுக்கு இட்டுனு போ!"

"இதுதான் பிள்ளை வீடு."

"இது உன் வூடு. என் வூடு அங்க கீது."

பீபிக்கு அது கேட்டிருக்கும். சுவர் ஒன்றுதான். ஆனால் அவர் வரவில்லை, கூப்பிடவுமில்லை. முறத்தின் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அந்த மௌனத்துக்காகவும் நான் அவர் மேல் கோபப்பட்டேன்.

அன்று முடிவு செய்தேன். யாழ்ப்பாணத்தில் என் அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. வருகிறபோது தவத்தை ஒரு வருடம் தன்னிடம் விட்டுப்போகச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தாள். விட்டுவிட்டு வருவது. ஒரு வருடத்தில் நம் பேச்சு வந்துவிடும், பசை வாசனை போய்விடும். என் கணவர், "அப்ப நீ அவளைப் பாக்கிறது எப்ப?" என்று கேட்டார்.  அவள் என்னிடம் இல்லாவிட்டாலும் சரி, பீபியிடம் இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பீபியிடம் போய்வருவதாக மட்டும் சொன்னேன்.

4

புறப்பட்ட அன்று எழும்பூருக்குப் போக ஜட்கா வந்து நின்றது. பீபி ஒரு பச்சைத் துணித் துண்டுடன் வந்தார். அதற்குள் ஒரு காசை வைத்து முடிந்து, தவத்தின் வலது மேற்கையில் கட்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இமாம் ஜாமீன்" என்றார் என்னிடம். "எங்க ஜனத்துல பயணம் போனா கட்டுவோம். நல்லபடியா போய் சேர்ந்தா அவுத்து, அந்தக் காச ஒரு ஏழை கைல குட்த்துடணும். தப்பா நெனச்சுக்காத."

"எப்போ அவிழ்க்கணும் பீபி?"

"பயணம் முடிஞ்சப்ப. உங்க ஊரு போய் எறங்கினா முடிஞ்சுது."

பிறகு தவத்தின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து திருஷ்டி கழிய விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெரித்தார். "போய்னு வா கண்ணு. ராணிய நான் பாத்துக்கறேன்."

ரயிலில் நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் பிள்ளையின் கையில் இன்னொருத்தியின் காவல். நான் என்ன கட்டியனுப்பினேன்? புளிச்சாதம்.

மண்டபம் முகாமில் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். குமாஸ்தா ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்.

"சொந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"மயிலாப்பூர்."

"குழந்தை?"

"மயிலாப்பூரில் பிறந்தது."

"அப்ப குழந்தைக்கு இந்தியா, உங்களுக்கு சிலோன்" என்று இரண்டு தாளாக எடுத்து வைத்தார். ஒரே பாயில் படுக்கும் எங்கள் இருவருக்கும் நடுவே அந்த மேசையில் ஒரு சாண் இடைவெளி.

டாக்டர் தவத்தின் கையைத் தூக்கினார். தழும்பின் மேலேயே துணி கட்டியிருந்தது. அவிழ்க்கச் சொல்வார் என்று ஆசையோடு காத்திருந்தேன். சர்க்கார் உத்தரவென்றால் நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் துணியை ஒரு விரலால் மேலே ஒதுக்கி, தழும்பைப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே இறக்கிச் சரிசெய்தார்.

"பத்திரமா போய்ட்டு வா" என்றார் அவளிடம்.

5

அக்கா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மேபல் சொன்ன நாலு முகங்களும் வந்திருந்தன. வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி வைத்திருந்தார்கள். எல்லாம் இருந்தபடியே இருந்தது, நான்தான் இரண்டு முறை தலைவாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். மயிலாப்பூர் வீட்டின் நிலை உயரம் அதிகம். உடம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது.

கிணற்றடியில் அக்கா தவத்தின் சட்டையைக் கழற்றினாள்.

"என்ன பிள்ளை இது கையிலை? கழட்டிப் போட்டுக் குளியுங்கோ."

தவம் கையை மார்போடு ஒட்டிக்கொண்டாள். "அவுக்கக்கூடாது."

"ஏன்?"

"பயணம் முடியணும்."

"பயணம் முடிஞ்சுதுதானே குஞ்சு? வீட்டை வந்திட்டியள்தானே?"

"இல்ல. இன்னும் வூட்டுக்குப் போவல."

அக்கா என்னைப் பார்த்தாள். "இவள் என்ன கதைக்கிறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. நான் விளக்கவில்லை.

அவள் அழுது அடம்பிடிக்கவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அக்காவோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டாள். பனங்கிழங்கு தின்றாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய பிள்ளைகளின் மடியில் உட்கார்ந்து வந்தாள், 'ஓம்' என்று சொல்லக்கூடப் படித்தாள். விருந்துக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளை நடந்துகொள்வது போல மரியாதையாக நடந்தாள். குளிக்கும்போது மட்டும் வலது கையைத் தூக்கிக்கொள்வாள். துணி நனைந்து, காய்ந்து, முடிச்சு கொட்டைப்பாக்காக இறுகிவிட்டது.

அவள் தூங்கும்போது அவிழ்த்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். "காசைக் கோயிலடியிலை ஆருக்கும் குடுத்திட்டால் சரி. காலமை கேட்டால் விழுந்திட்டுது எண்டு சொல்லலாம்."

ஒரு மத்தியானம் அவள் பாயில் உறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிச்சில் விரல் வைத்தேன். இந்தப் பலகை வேலையில் என் விரல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிளக்கு முழுதாக இறங்கியதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்காமலே சொல்லும். கை வைத்தவுடன் தெரிந்துவிட்டது. நான் அவிழ்த்தால் துணி வரும், காசும் வரும். பிள்ளை வந்து சேர மாட்டாள். அக்காவின் வீட்டில், அக்காவின் பாயில், பயணத்தில் இருக்கிற பிள்ளையாகவே ஒரு வருடம் இருப்பாள். நான் மயிலாப்பூரில் இருந்துகொண்டு அதை எண்ணிப் பொறுமுவேன். அப்போது என் பொறாமைக்கு இரண்டு பெண்கள் கிடைப்பார்கள்.

தவத்தை விட்டுப்போகவில்லை என்று சொன்னபோது அக்காவின் முகம் சின்னதாகப் போயிற்று. "எனக்குத் தெரியும்" என்றாள். "நீ குடுக்கமாட்டாய். சின்னனிலை பொம்மையும் அப்படித்தான், தாறன் தாறன் எண்டு சொல்லுவாய்." பிறகு எழுந்து போய்ப் பயணத்துக்குப் பனங்கட்டி கட்டத் தொடங்கினாள். அன்று முழுதும் என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

6

திரும்பி வந்த அன்று ஜட்கா சந்துக்குள் திரும்பும்போதே தவம் எழுந்து நின்றுவிட்டாள். பீபி வாசலில் நின்றார். ஓடி வரவில்லை. நான் இறங்கி, பிள்ளையை இறக்கி, சாமான்களை இறக்கி முடிக்கும் வரை முந்தானையை வாயில் வைத்தபடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இட்டுனு வன்ட்டியா?"

"ஏன் பீபி அப்படிக் கேட்கிறீங்கள்?"

"அங்கயே உட்டுட்டு வந்துடுவேன்னு நெனச்சேன். உங்க அக்கா கேக்கறாங்கன்னு உன் வூட்டுக்காரர் ஒரு நாள் சொன்னாரு. கட்டிவுடும்போது நீ என் மூஞ்சிய பாக்கல பாரு, அப்பவே புரிஞ்சிகினேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்த சிலோன நான் கண்டனா? எந்நேரமும் அதும்மேல எனுக்கு ஒரு காந்தல். கடல் தாண்டி ஒரு ஊரு எங்கொயந்தைய புட்ச்சு இஸ்துனே கீதேன்னு."

இத்தனை நாளாக இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி இதையே சுமந்திருக்கிறாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. 'எங்கொயந்தை' என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது.

தவம் வலது கையை நீட்டினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"இப்ப அவுத்துடு."

பீபி துணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயோ, அங்க எறங்கினதும் அவுக்கச் சொன்னேனே!"

"அங்கே பயணம் முடியவில்லையாம்" என்றேன்.

அவர் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "நீயே அவுத்துடு" என்றார் பிறகு. "பெத்தவ அவுத்தாத்தான் சரி."

முடிச்சு என் நகத்துக்கு அசையவில்லை. பீபி குனிந்து அவர் பக்கத்து நுனியைப் பிடித்தார். பைண்டு நூலில் பழகிய விரல்கள். "நீ அத்த தளத்து, நான் இத்த இஸ்துக்கறேன்." இரண்டு பேர் தலையும் இடித்துக்கொண்டன. தவம் நெளிந்தாள்.

"சீக்கிரம்! இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்!"

அவிழ்ந்தது. சந்து முனை மசூதிப் பக்கமாக எப்போதும் உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத பெரியவரின் கையில் தவமே போய்க் காசை வைத்துவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் எங்களுக்கு நாலு அடி தள்ளி நின்றாள். வலது பக்கம் எங்கள் வாசல், இடது பக்கம் பீபியின் வாசல். இரண்டும் திறந்திருந்தன.

நான் பார்த்தேன். பீபியும் முந்தானையை விட்டுவிட்டுப் பார்த்தார்.

தவம் இரண்டு பக்கமும் திரும்பவில்லை. நேராக விளக்குக் கம்பத்துக்கு ஓடினாள். ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதுக்குள் கடல் எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தொடங்கினாள். ஆடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"பாத்தியா தங்கச்சி" என்றார் பீபி மெதுவாக, "அந்த ஆட்டுக்குக் குட்த்து வெச்சிருக்கு."

மறுநாள் பலகையில் மேபல் கேட்டாள், ஹோம் எப்படி இருந்தது என்று. தகடு விழுந்தது. பிளக்கை எடுத்துச் செருகினேன். உள்ளே போய் உட்கார்ந்ததை விரல் சொன்னது.

"வாசலில் ஓர் ஆடு கட்டியிருக்கிறது" என்றேன்.

"வாத்து இல்லையா?" என்று கேட்ட மேபல், தன் டப்பாவை ஒரு முறை தடவிக்கொண்டாள். அன்று முழுதும் அவள் முகத்தில் இருந்தது பொறாமைதான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.